கவர்மென்ட் வேலையை நர்ஸுகள் ஏன் விடுறாங்க?

1/ "அரசு வேலையை விட்டுட்டு ஃபாரின் போறாங்களே, அவ்வளவு பேராசையா?" நர்ஸுகளைப் பத்தி அடிக்கடி காதில் விழுற பேச்சு. அது என்ன மாதிரி அரசு வேலைன்னு முதல்ல பாருங்க.

2/ 2015ல் தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் போட்டித் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான நர்ஸுகளை எடுத்தது. தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். ரெண்டு வருஷத்துல நிரந்தரம்னு பேச்சு. 2017 நவம்பரில் அதைக் கேட்டு டிஎம்எஸ் வளாகத்தில் உட்கார்ந்து போராட வேண்டியதாப் போச்சு.

3/ கொரோனா வந்தது. மொட்டைமாடியில் நின்னு கை தட்டினோம். அப்போ ஒப்பந்தத்தில் எடுத்தவங்கள்ல 2,000 பேருக்கு மேல 2022 டிசம்பர் 31ஓட வீட்டுக்கு அனுப்பினாங்க.

4/ இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பொது வார்டில் 3 நோயாளிக்கு 1 நர்ஸ். நைட் டூட்டியில் 40 பேருக்கு ஒரே சிஸ்டர் ஓடுறதை நான் பார்த்திருக்கேன். ஊசி, ட்ரிப், கேஸ் ஷீட், ரிஜிஸ்டர் எல்லாம் அவங்க தலையில். ஒரு டோஸ் தவறினா திட்டும் அவங்களுக்குத்தான்.

5/ நிரந்தர நர்ஸ் செய்யுற அதே வேலை. தப்பு நடந்தா அதே மெமோ. சம்பளம் மட்டும் வேற. இதைச் சிக்கனம்னு சொல்லாதீங்க, சுரண்டல்னு சொல்லுங்க.

6/ "சேவை மனப்பான்மை வேணும்"னு அட்வைஸ் பண்றவங்களே, அதைக் காட்டினா வீட்டு ஓனர் வாடகையைத் தள்ளுபடி பண்ணுவாரா?

7/ காலிப் பணியிடங்களை நிரப்புங்க. ஒப்பந்த நர்ஸுகளை நிரந்தரமாக்குங்க. சம வேலைக்குச் சம ஊதியம் குடுங்க. போறவங்க எங்கேயாவது பிழைச்சுக்குவாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சுத் திணறலோட நாம கூட்டிட்டு வர்ற அப்பா, அம்மாவை யார் பார்ப்பாங்க?