டைரக்ட் பண்ணிட்டேன் சார், இனி ஓடும்!

மும்பை ஏசி மெக்கானிக் வாயிலிருந்து வர்ற வார்த்தைகள்ல எனக்கு வயித்தைக் கலக்குறது ஒண்ணே ஒண்ணுதான். "டைரக்ட் கர் தியா ஸாப், அப் சலேகா." செம்பூர், மாட்டுங்கா, தாராவி, எங்க இருக்கிற நம்மாளுங்க வீடா இருந்தாலும் சரி, இதைக் கேட்டதும் குடும்பமே சிரிக்குது. கூலியைக் குடுத்து, கையோட ஒரு ஃபில்டர் காபியும் குடுத்து அனுப்பி வைக்கிறோம். அந்த மனுஷன் என்ன பண்ணிட்டுப் போனார்னு ஒருத்தரும் கேக்கிறதில்லை.

நான் சொல்றேன். கன்ட்ரோல் போர்டு, பேனல்னு இருபது வருஷமா இதுலதான் சோறு திங்கிறேன்.

ஏசிங்கிறது ஒரு ஹீட் பம்ப். வீட்டுக்குள்ள இருக்கிற சூட்டை அள்ளி வெளிய கொட்டுது. அதுலயே ஃபோர்வே வால்வு ஒண்ணு சேர்த்தா டில்லிக்காரங்க வாங்குற ஹாட் அண்ட் கோல்ட். வெளிய இருக்கிற சூட்டை உள்ள கொண்டு வரும். தண்ணியைச் சூடாக்கினா ஆஸ்பத்திரி, ஓட்டல் மொட்டை மாடில நிக்கிற ஹீட் பம்ப். எல்லாத்துக்கும் இதயம் கம்ப்ரஸர். அதைக் காப்பாத்தத்தான் அத்தனை காவலாளியும்: பிரஷர் எகிறினா நிறுத்துற ஹெச்பி சுவிட்ச், கேஸ் இறங்கினா நிறுத்துற எல்பி சுவிட்ச், தலை சூடானா வெட்டுற ஓவர்லோடு, டிஸ்சார்ஜ் பைப்ல உக்காந்திருக்கிற சென்சார், நின்னதும் உடனே ஓட விடாம மூணு நிமிஷம் காக்க வைக்கிற டைமர். எல்லா மிஷின்லயும் எல்லாம் இருக்காது. பெரிசு சிறிசுக்கு ஏத்த மாதிரி.

'டைரக்ட்' பண்றதுன்னா இந்தக் காவலாளில ஒருத்தர் கழுத்தை நெரிக்கிறது. சுவிட்சோட ரெண்டு வயரையும் முறுக்கி டேப் சுத்திட்டா முடிஞ்சது. சென்சாரா? இன்னும் நைசான வேலை. அதைப் பிடுங்கிட்டு பத்து கே ரெசிஸ்டர் ஒண்ணைச் சொருகுறாங்க. காயில் எப்பவும் 25 டிகிரில சுகமா இருக்குன்னு போர்டு நம்பிக்கிட்டே கிடக்கும், அங்க ஐஸ் கட்டி மலையா நின்னாலும் சரி. காய்ச்சல்காரன் வாயில உடைஞ்ச தெர்மாமீட்டரை வெச்சு, "98.4 தான், ஆபீஸ் போங்க"ன்னு சொல்ற மாதிரி.

செம்பூர்ல உறவுக்காரர் வீட்ல நடந்தது. ஏசி பத்து நிமிஷம் ஓடும், நிக்கும். முதல் ஆள் வந்தார், "கேஸ் கம் ஹை", நிரப்பினார். ரெண்டாவது ஆளும் அதே பாட்டு, அதே கேஸ். மூணாவது ஆள் கம்பெனி ஆள் (கம்பெனி பேர் வேண்டாம்). போர்டையே மாத்தணும்னு பதினாலாயிரம் கேட்டார். நான் போய் அவுட்டோர் யூனிட்டுக்குப் பின்னாடி டார்ச் அடிச்சுப் பார்த்தேன். புறா! ஃபின்னு முழுக்க இறகும் எச்சமும், நடுவுல குச்சி அடுக்கின கூடு. காத்து போக வழியில்லாம பிரஷர் ஏறி, ஹெச்பி சுவிட்ச் தன் கடமையைச் செஞ்சு நிறுத்திட்டிருந்தது. அது போதாதுன்னு ரெண்டு ஆள் மேல மேல கேஸ் வேற ஏத்தியிருக்காங்க. ஊர்ல இதைத்தான் வெந்த புண்ணுல வேலுன்னு சொல்வோம்.

அந்த மிஷின் நின்னது கோளாறு இல்லை. அது பேசினது. அதைக் கேக்க ஆளில்லை.

இந்த ஊர்ல வெளி யூனிட் படற பாடு தனி. கடல் உப்பு அலுமினிய ஃபின்னை மாவா அரிக்குது. ரிஃபைனரியும் உரத் தொழிற்சாலையும் பக்கத்துல இருக்கிற செம்பூர் காத்துல செம்புக் குழாய் எப்படிக் கறுக்குதுன்னு அங்க இருக்கிறவங்களைக் கேளுங்க. தாராவில சந்து அகலமே கை நீட்டினா முடிஞ்சுடும். ஒரு பட்டறை கக்குற அனலை எதிர்ப் பட்டறை யூனிட் உறிஞ்சுது. மழைக்காலத்துல போர்டு மேல பல்லி செத்துக் கிடக்கும். இப்படிப்பட்ட ஊர்லதான் அந்தச் சுவிட்சுக்கெல்லாம் வேலை அதிகம். இங்கதான் அதைப் பிடுங்கவும் செய்யறாங்க.

முன்னாடி ஆர்22 காலத்துல இதெல்லாம் ஓரளவு ஓடிச்சு. வெயில் நாள்ல கண்டென்சர் பக்கம் 270 பிஎஸ்ஐ மாதிரி நிக்கும். அதே சூட்டுல ஆர்410ஏ 430 தாண்டும், ஆர்32 அதுக்கும் கொஞ்சம் மேல. போதாததுக்கு ஆர்32ல டிஸ்சார்ஜ் சூடும் கூடுதல், லேசா தீப்பிடிக்கவும் செய்யும். கோத்ரெஜ் 2012 வாக்குல கொண்டு வந்த ஆர்290 ஏசில இருக்கிறது சுத்தமான புரொப்பேன், அடுப்பு கேஸோட பங்காளி. சுற்றுச்சூழலுக்கு நல்லதுதான், நான் எதிரி இல்லை. ஆர்22க்கு 1810னு இருந்த வெப்பமாக்கும் கணக்கு ஆர்32ல 675, ஆர்290ல வெறும் 3. ஆனா கேஸ் மாறிடுச்சு, கை மாறலையே! எடை போட்டு நிரப்ப வேண்டிய கேஸை இன்னமும் கேஜைப் பார்த்து "அறுபது வந்தா போதும்"னு நிரப்பற ஆள் இருக்கார். லீக் பார்க்க நைட்ரஜன் இல்லேன்னா வெல்டிங் ஆக்ஸிஜனை ஏத்தற ஆளும் இருக்கார். எண்ணெய் இருக்கிற இடத்துல அழுத்தமான ஆக்ஸிஜன்... வேண்டாம், அந்த மெக்கானிக்குக்கும் புள்ளைக்குட்டி இருக்கும். ஜப்பான்லயே, பம்ப்டவுன் பண்ணும்போது காத்து உள்ள புகுந்து கம்ப்ரஸர் வெடிச்ச விபத்துகளுக்கு அப்புறம் தனியா எச்சரிக்கை விட்டாங்க. அவ்வளவு ஒழுங்கான ஊர்லயே அந்த கதி.

2021 ஏப்ரல் 23 அதிகாலை, நமக்கு வடக்கே விரார்ல விஜய் வல்லப் ஆஸ்பத்திரி ஐசியூவுல தீ. கோவிட் நோயாளிகள் 13 பேர் அன்னிக்கே போய்ட்டாங்க. ஏசி யூனிட்டுலதான் ஆரம்பிச்சதுன்னு அப்பவே சொன்னாங்க. அங்க யாரும் சுவிட்சைப் பிடுங்கினாங்கன்னு நான் சொல்ல வரலை. ஏசிங்கிறது சும்மா குளுகுளு டப்பா இல்லைன்னு மட்டும் சொல்றேன்.

இப்ப உங்கள்ல சிலர் கேப்பீங்க: ஏழை மெக்கானிக்கைப் போட்டு ஏன்யா திட்டுறே? நியாயம். என் கோபம் அவர் மேல கால்வாசிதான். தாராவி நைன்ட்டி ஃபீட் ரோடு பக்கம் நெல்லைக்காரத் தம்பி ஒருத்தர், நல்ல வேலைக்காரர். "கோடு வந்தா என்ன பண்ணுவீங்க?"ன்னு கேட்டேன். "அண்ணாச்சி, மேனுவல் கம்பெனி ஆளுக்கு மட்டுந்தான். எங்களுக்கு வாட்ஸ்அப் குரூப்புதான் பள்ளிக்கூடம். அதுல ஒருத்தன் சென்சாரும்பான், ஒருத்தன் போர்டும்பான். கஸ்டமர் தலைக்கு மேல நிப்பாரு. என்ன செய்ய, டைரக்ட் பண்ணிட்டு வந்துருவேன்"னார். இதுக்கு என்ன பதில் சொல்வீங்க?

மீதி முக்கால்வாசி கோபமும் இங்கதான். உள் யூனிட்டும் வெளி யூனிட்டும் பேசிக்கலைன்னா டைகின்ல யு4னு வரும், எல்ஜில சிஹெச்05னு வரும். ஒரே வியாதி, ஆளுக்கொரு பேர். சில மிஷின்ல பேரும் கிடையாது. வெளி போர்டுல ஒரு குட்டி எல்ஈடி ஏழு தடவை கண்ணடிக்கும். மாட்டுங்கா பழைய பில்டிங் மூணாம் மாடிச் சஜ்ஜா மேல, கயிறு கூட இல்லாம நின்னுக்கிட்டு ஒருத்தர் அதை எண்ணணும்! ஏழா எட்டான்னு சந்தேகம் வந்தா மறுபடி முதல்லேருந்து.

கார்ல பாருங்க. அமெரிக்காவுல 1996லேருந்து எல்லாக் காருக்கும் ஓபிடி2 கட்டாயம். ஒரே சாக்கெட், அடிப்படைக் கோளாறுகளுக்கு ஒரே கோடு. பி0301னா எந்தக் கம்பெனி வண்டியா இருந்தாலும் முதல் சிலிண்டர் சரியா எரியலைன்னு அர்த்தம். ரோட்டோர மெக்கானிக்கும் படிச்சிடலாம். நம்ம ஊருக்கும் பின்னாடி வந்தது. ஏசிக்கு மட்டும் ஏன் முடியாது? டெக்னாலஜியா தடுக்குது? ஹூம். கோடு புரிஞ்சா நூத்தம்பது ரூபா சென்சாரோட போயிடும், புரியலைன்னா பதினாலாயிரம் ரூபா போர்டு. கணக்கு அவ்வளவுதான்.

அரசாங்கம்? 2020 ஜனவரிலேருந்து ஸ்டார் போட்ட ஏசி ஆன் பண்ணா 24 டிகிரிலதான் ஆரம்பிக்கணும்னு சட்டம் வந்தது. 2025 ஜூன்ல மின்துறை அமைச்சர் மனோகர் லால், ஏசியை 20க்குக் கீழ 28க்கு மேல போகாம பண்ணப் போறோம்னார். நம்ம வீட்டு ரிமோட் வரைக்கும் கை நீட்டத் தெரிஞ்சவங்களுக்கு, "இருபது முக்கியக் கோளாறுக்கு எல்லாக் கம்பெனியும் ஒரே கோடு வைங்க, அர்த்தத்தை மூடிக்கு உள்பக்கம் ஒட்டுங்க"ன்னு ஒரு வரி போடத் தெரியாதா? இந்த வகை மிஷினோட பாதுகாப்புக்குன்னே ஐஈசி 60335-2-40னு உலகத் தரம் இருக்கு, பேர்லயே ஹீட் பம்ப்னு வருது. அதைப் பார்த்து பாக்டரில அத்தனை சுவிட்சும் ஒழுங்கா வெச்சுத்தான் அனுப்பறாங்க. வெளிய வந்த பிறகு அதைப் பிடுங்கறவனைக் கேக்கத்தான் நாதியில்லை.

நம்மளை விட்டுட்டா நியாயமா இருக்காது. "எப்படியாவது இன்னிக்கு ராத்திரிக்கு ஓட வெச்சிடுப்பா"ன்னு கெஞ்சறது நாமதான். ஊர்லேருந்து மாமனார் வந்திருக்கார், புள்ளைக்குப் பரீட்சை, காரணமா இல்லை? (தங்கமணி இதைப் படிச்சா எனக்கு இன்னிக்கு ரசம் மட்டும்தான் :-) ) மிஷின் ஒரு நாள் நிக்கட்டும். சீலிங் ஃபேன்ல படுத்தா யாரும் செத்துட மாட்டோம்.

அடுத்த தடவை மெக்கானிக் வந்தா நாலு கேள்வி கேளுங்க, மரியாதையா. என்ன கோடு வந்தது? ஏன் வந்தது? கேஸ் போடறீங்கன்னா லீக் எங்க, எத்தனை கிராம் போட்டீங்க? ஏதாவது வயரைச் சேர்த்துக் கட்டினீங்களா? கோடை போன்ல படம் பிடிச்சு வைங்க. கழட்டின சாமானைக் கையில வாங்கிக்கோங்க. ஏற்கனவே யாராவது 'டைரக்ட்' பண்ணிட்டுப் போயிருந்தா மெயினை ஆஃப் பண்ணிட்டு, நல்ல ஆளா ஒருத்தரைக் கூப்பிட்டு, அந்தச் சுவிட்சைத் திரும்ப மாட்டச் சொல்லுங்க. அப்புறம் யூனிட்டுக்குப் பின்னாடி ஒரு டார்ச் அடிச்சுப் பாருங்க, புறா இருக்கான்னு.