ஸனதில்லாத சரித்திரமும் ஈரானியக் கலைக்களஞ்சியமும்

சென்ற ரபீஉல் அவ்வல் மாதத்தில் நம்மூர்ப் பள்ளிவாசல் மண்டபத்தில் நிகழ்ந்த மீலாதுப் பேச்சுப் போட்டிக்கு நாம் நடுவராக அமர்ந்திருந்தோம். பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களைப் பற்றித் தங்குதடையின்றிப் பேசினாள். கேட்டோர் மகிழ்ந்தனர், நாமும் மகிழ்ந்தோம். ஆனால், "இமாமவர்கள் பக்தாது நகரில் பிறந்தார்கள்" என்று அவள் தொடங்கிய முதல் வாக்கியமே நம் செவியில் முள்ளாய்த் தைத்தது. போட்டி முடிந்தபின் அவளை அருகழைத்து, "இமாமவர்கள் பிறந்தது தூஸ் நகரில், மகளே. அது குராசானில் உள்ளது. பக்தாதில் அவர்கள் ஆசிரியராக இருந்தார்கள்" என்றோம். அவள் அஞ்சவில்லை. "புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு, ஹஜ்ரத்" என்று கையிலிருந்த சிறு நூலை நீட்டினாள்.

நாற்பது பக்க நூல். வண்ண அட்டை. எழுதியவர் பெயரைத் தேடினோம், இல்லை. எந்த நூலிலிருந்து எடுத்தனர் என்று தேடினோம், அதுவும் இல்லை. சிறுமியின் மேல் குற்றமில்லை.

இதனை அன்றிரவு நம் நெடுநாள் நண்பரான ஓர் ஆலிமிடம் கூறி வருந்தினோம். ஈரானியக் கலைக்களஞ்சியத்தில் இமாமவர்களைப் பற்றிப் பலர் பங்கிட்டுத் தனித்தனியே பெயரிட்டு எழுதியுள்ள நெடுங்கட்டுரையைப் பார்த்தாவது இத்தகைய சிறுநூல்களைத் திருத்தக் கூடாதா என்றோம். நண்பர் முகம் சுளித்தார். "ஈரானோ ஷியாக்களின் நாடு, நூல் உருவானதோ அமெரிக்காவில், எழுதியோருள் பலர் முஸ்லிமல்லாதார். அதை நாம் ஏன் தொட வேண்டும்?" என்று வினவினார். அவர் ஒருவர் மட்டும் வினவியிருப்பின் நாம் எழுதுகோலை எடுத்திருக்க மாட்டோம். நம்மவருள் கற்றோர் பலர் உள்ளத்திலும் இதுவே இருக்கின்றது.

முதலில், அந்நூல் எவ்வாறு உருவாயிற்று என்பதை வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும். ஹமதான் நகரில் 1920இல் பிறந்த எஹ்ஸான் யார்ஷாதிர், தெஹ்ரானிலும் லண்டனிலும் கற்று, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராய் அமர்ந்தவர். லெய்டன் நகரிலிருந்து ஐரோப்பிய அறிஞர்கள் வெளியிட்ட இஸ்லாமியக் கலைக்களஞ்சியத்தின் கட்டுரைகளைப் பாரசீகத்தில் பெயர்த்து, ஈரானைப் பற்றிப் புதியன சேர்க்கும் பணியை அவர் 1970களில் மேற்கொண்டிருந்தார். பிறர் தொகுத்ததைப் பெயர்த்து ஒட்டுப்போடுவதோடு நில்லாமல், ஈரானிய வரலாற்றுக்கும் பண்பாட்டுக்குமெனத் தனியே ஒரு பெருநூல் காண அவர் திட்டமிட்டார். ஈரானிய அரசு பொருளுதவி புரிந்தது. 1979ஆம் ஆண்டுப் புரட்சியுடன் அவ்வுதவி நின்றது. மனிதர் கைவிடவில்லை. அமெரிக்காவின் தேசிய நிதியமொன்றும், நாடு கடந்து வாழும் ஈரானியரின் நன்கொடைகளும் பணியைத் தாங்கின. முதற்பகுதி 1982இல் வெளிவந்தது. முதல் தொகுதி 1985இல் முற்றுப்பெற்றது. 2018இல் தொண்ணூற்றெட்டு வயதில் அவர் மறைந்தபோது அச்சுத் தொகுதிகள் ஆங்கில அகரவரிசையின் பதினோராம் எழுத்திலேயே நின்றுகொண்டிருந்தன.

இதனைக் கேட்டுச் சிரிப்பாரும் உளர். நாற்பதாண்டு உழைத்துப் பாதி எழுத்தையும் கடக்கவில்லையே என்பர். ஒரு திங்களில் மூன்று நூல் அச்சிடும் நம் பதிப்பாளர்க்கு இது நகைப்பாகத்தான் தோன்றும்! பாரசீகப் பேரகராதி கண்ட அலி அக்பர் தெஹ்கொதா முதல் உலகப்போர்க் காலத்தில் சொற்களைச் சீட்டுகளில் குறிக்கத் தொடங்கினார், 1956இல் இறந்தார். அவர்க்குப் பின் பொறுப்பேற்ற முஹம்மது முஈன் 1966இல் நினைவிழந்து, ஐந்தாண்டு அந்நிலையிலேயே கிடந்து 1971இல் மறைந்தார். மூன்றாமவர் கையில்தான் அகராதி நிறைவெய்தியது. ஒருவர் விட்ட சீட்டிலிருந்து மற்றவர் தொடர்ந்தார். தொடங்கியவரே முடிக்க வேண்டும் என்ற ஆசை அங்கே எவர்க்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

இனி, நண்பரின் ஆட்சேபங்களுக்கு வருவோம். ஈரான் ஷியாக்களின் நாடு என்கிறார். இன்றைய ஈரானில் ஷியாக்களே பெரும்பான்மையினர் என்பது உண்மை. ஆனால் 1501இல் ஸஃபவியர் அரியணை ஏறி அதனை அரசின் மார்க்கமாக்கும் முன்பு அந்நாட்டின் நிலை என்ன? ஸிஹாஹுஸ் ஸித்தா என்று நாம் கண்ணில் ஒற்றி ஓதும் ஆறு ஹதீஸ் கிதாபுகளின் ஆசிரியர்களை எண்ணிப் பாருங்கள். ஒருவர் புகாராவினர், ஒருவர் நைசாபூரினர், ஒருவர் ஸிஜிஸ்தானைச் சேர்ந்தவர், ஒருவர் திர்மிதினர், ஒருவர் கஸ்வீனைச் சேர்ந்தவர், ஒருவர் நஸாவினர். அறுவரில் ஒருவரேனும் மக்காவிலோ மதீனாவிலோ பிறந்தவரல்லர். நஹ்வு இலக்கணத்தின் தந்தையாகிய ஸீபவைஹி ஈரானியர். தஃப்ஸீர் கண்ட தபரீ தபரிஸ்தானத்து ஆமுல் நகரினர். நம் மத்ரஸாவின் பாடத்திட்டத்திலிருந்து ஈரானியர் எழுதியவற்றை நீக்கிவிட்டால் எஞ்சுவது சில கிதாபுகளே.

அவ்வூர்களை இன்றைய நிலப்படத்தில் தேடினால் நைசாபூரும் கஸ்வீனும் மட்டும் ஈரானில் இருக்கும். புகாராவும் திர்மிதும் உஸ்பெகிஸ்தானில், நஸா துர்க்மெனிஸ்தானில், ஸிஜிஸ்தான் ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலுமாகப் பிளந்து கிடக்கின்றது. யார்ஷாதிரின் கலைக்களஞ்சியம் எல்லைக்கோட்டை அளவுகோலாகக் கொள்ளவில்லை. ஈரானிய மொழியும் பண்பாடும் பரவிய நிலம் முழுவதையும், அவை தொட்ட இந்தியாவையும்கூட அது தன் பொருளாகக் கொண்டது. ஆகவேதான் நம் இமாம்களின் ஊர்கள் அனைத்தும் அதனுள் அடங்குகின்றன. நம் தமிழுக்கும் இதில் பங்குண்டு. ஐவேளையும் நாம் கேட்கும் பாங்கு பாரசீகச் சொல். தர்கா பாரசீகச் சொல். நம் புலவர்கள் பாடிய நூறு நாமாவிலும் மிஃராஜ் நாமாவிலும் உள்ள 'நாமா'வும் பாரசீகமே.

அமெரிக்கப் பணம் என்கிறார் நண்பர். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பது நல்ல வழக்கம். அவ்வழக்கத்தைச் சற்றே பின்னோக்கிச் செலுத்துவோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1091இல் பக்தாதின் நிஜாமிய்யாவில் ஆசிரியராய் அமர்ந்தார்களே, அக்கலாசாலையை நிறுவியவர் யார்? ஸல்ஜூக்கிய சுல்தான்களின் வஜீர் நிஜாமுல் முல்க். அவர்க்கு அரசியல் நோக்கமே இல்லை என்று எந்த வரலாற்றாசிரியரும் எழுதவில்லை. நோக்கம் இருந்தது; கலாசாலையும் நின்றது; அங்கே கற்பிக்கப்பட்டது இல்முதான். பணம் கொடுத்தவன் எழுதுகோலையும் பிடித்தானா என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

முஸ்லிமல்லாதார் எழுதினர் என்னும் ஆட்சேபமே நம்மைப் பெரிதும் வருத்துகின்றது. ஏனெனில் அதனைச் சொன்னவர் ஹதீஸ் கலை ஓதியவர். ஓர் ஹதீஸைக் கேட்டவுடன் நம் முன்னோர் செய்ததென்ன? "நல்ல செய்திதானே, ஏற்போம்" என்றார்களா? சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தனரா, சந்தித்தனரா, நினைவாற்றல் எத்தகையது என்று ஒவ்வொரு கண்ணியையும் தட்டிப் பார்த்தார்கள். அறிவிப்பாளர் வரலாற்றுக்கென்றே பெருநூல்கள் எழுந்தன. இப்போது ஈரானியக் கலைக்களஞ்சியத்தின் ஒரு கட்டுரையைப் பாருங்கள். எழுதியவர் பெயர் அதில் இருக்கும். எந்தக் கையெழுத்துப் பிரதியை, எந்தப் பதிப்பை, எவருடைய ஆய்வைக் கண்டார் என்ற பட்டியல் இருக்கும். பெயர்கள் ஒவ்வொன்றும் மூல ஒலி பிறழாவண்ணம் புள்ளியும் கோடும் இட்டு எழுதப்பட்டிருக்கும். ஹாவுக்கும் ஹேவுக்கும் வேறுபாடு காட்டாமல் நாம் தமிழில் எழுதிவிடுகிறோம்; அவர்கள் விடுவதில்லை. இது ஸனது முறையே என்று நாம் சொல்லவில்லை. ஸனது சொன்னவரின் ஒழுக்கத்தையும் எடைபோட்டது. இது சான்றை மட்டுமே எடைபோடுகின்றது. எனினும், "எங்கிருந்து எடுத்தாய்?" என்னும் கேள்விக்கு அது விடை வைத்திருக்கின்றது. நம் சிறுமியின் கையிலிருந்த நூல் வைத்திருக்கவில்லை. மார்க்க விஷயத்தில் ஸனதைக் கேட்கும் நாம், நம் இமாம்களின் வாழ்க்கை வரலாற்றில் அதனைக் கேளாமல் விடுவது எந்தக் கிதாபில் கற்ற பாடம்?

ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கிறித்தவர். அவர் அரபியில் பெயர்த்த கிரேக்க மருத்துவ நூல்களைக் கற்றுத்தான் நம் ஹகீம்கள் நாடி பிடித்தனர். அன்று எவரும் அவரது மார்க்கத்தைக் கேட்டு மருந்தை உமிழவில்லை.

தவறே இல்லாத நூல் என்று நாம் அதனைப் போற்றவில்லை. குறை உண்டு, பெரிய குறையே உண்டு. ஈரானியரின் நீரையும் பருத்தியையும் ஒட்டகத்தையும் கம்பளத்தையும் கடைவீதியையும் பற்றித் தனித்தனிக் கட்டுரை கண்ட நூல், ஈரானியக் குடியானவன் படிக்க முடியாத ஆங்கிலத்தில் இருக்கின்றது. கம்பளம் நெய்பவள் தன் கைத்தொழிலைப் பற்றிய கட்டுரையைத் தானே படிக்க இயலாது. நிறையப் பேர் எழுதுவதால் கட்டுரைக்குக் கட்டுரை தரம் ஏறியும் இறங்கியும் நிற்கின்றது. சில கட்டுரைகளில் இஸ்லாத்திற்கு முந்திய பேரரசுகளின் மேல் அளவிறந்த மயக்கம் நமக்குத் தென்படுகின்றது. இவற்றைச் சுட்டிக்காட்ட நமக்கு உரிமையுண்டு, படித்தால்!

தெஹ்ரானில் இருந்தோர் சுட்டிக்காட்டியதோடு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1980களின் முற்பகுதியிலேயே, போர் நடந்துகொண்டிருந்தபோதே, அவர்கள் பாரசீகத்தில் இரண்டு பெரிய இஸ்லாமியக் கலைக்களஞ்சியங்களுக்கு நிலையங்கள் நிறுவினர். லாகூரில் உருதுவில் ஒன்று உருவாயிற்று. துருக்கியர் 1988இல் தொடங்கி 2013இல் 44 தொகுதிகளில் ஒன்றை முடித்துக் காட்டினர். நம் தமிழில் எம்.ஆர்.எம். அப்துற் றஹீம் அவர்கள் ஓர் இஸ்லாமியக் கலைக்களஞ்சியம் தந்தார்கள். மற்ற நாடுகளில் ஒரு நிலையமே செய்த பணியை அம்மனிதர் தம் தோளில் சுமந்தார். அதன்பின் நாம் என்ன சேர்த்தோம் என்று கேட்டால் வாய் அடைக்கின்றது.

யார்ஷாதிர் செய்த இன்னொரு பணியையும் நண்பர் அறியவில்லை. தபரீயின் தஃப்ஸீரை மேடைதோறும் மேற்கோள் காட்டுவோர் நம்மிடையே பலர். அவரது தாரீகை விரித்துப் பார்த்தோர் சிலரே. அம்மாபெரும் சரித்திரத்தை 40 தொகுதிகளில் ஆங்கிலத்திற்குக் கொணர்ந்த திட்டத்திற்கும் பொதுப் பதிப்பாசிரியர் அவரே. நண்பரிடம் இதனைச் சொன்னபோது, "அப்படியா?" என்றார். பிறகு சற்று நேரம் பேசவில்லை.

கலைக்களஞ்சியத்தின் கட்டுரைகள் இன்று கணினியிலும் கைப்பேசியிலும் விலையின்றிக் கிடைக்கின்றன. ஆங்கிலம் கற்ற நம் பிள்ளைகள் வீடுதோறும் இருக்கின்றனர். அச்சிறுமியின் அண்ணன் கல்லூரியில் பயில்பவன். அவனை அழைத்து, இமாமவர்களைப் பற்றிய கட்டுரையை உடனமர்ந்து படிக்கச் செய்தோம். இமாமவர்கள் 'கீமியாயே ஸஆதத்' நூலைத் தம் தாய்மொழியாகிய பாரசீகத்தில் எழுதினார்கள் என்று அறிந்து அவன் வியந்தான். அவர்கள் அரபி தவிர வேறெதிலும் எழுதவில்லை என்றே அவன் எண்ணியிருந்தானாம்.

அந்தச் சிறுநூலை வெளியிட்டோருக்குப் பிழையைக் குறித்து, ஆதாரங்களும் காட்டி, பதிவுத்தபாலில் எழுதினோம். மறுமொழி வரவில்லை. சென்ற வாரம் நூலின் மறுபதிப்பு நம் கைக்கு வந்தது. அட்டைப்படம் மாறியிருக்கின்றது, விலை பத்து ரூபாய் கூடியிருக்கின்றது, இமாமவர்கள் இன்னும் பக்தாதிலேயே பிறக்கின்றார்கள்.