இயந்திரம் வரட்டும், மண் வேண்டாம்

மீனம்பாக்கம் மண்டலத் தாவரத் தொற்றுத் தடுப்பு நிலையத்தின் பொறுப்பு அலுவலருக்கு,



தாம்பரத்திலிருந்து கிண்டிக்குப் போகும் ஆயிரக்கணக்கானோர் ஒவ்வொரு நாளும் ஜி.எஸ்.டி. சாலையில் உங்கள் நிலையத்தைக் கடந்து போகிறோம். விமான நிலையம் எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டிலிருந்து வரும் விதை, மரம், பழம், பருப்பு எல்லாவற்றையும் பூச்சிக்கும் நோய்க்கும் சோதித்து உள்ளே விடுகிற ஓர் அலுவலகம் அதன் பக்கத்திலேயே இருப்பது சுங்க முகவர்களுக்கும் இறக்குமதியாளர்களுக்கும் மட்டுமே தெரிந்த செய்தி. தென் சென்னைப் புறநகரில் இருந்தபடி தமிழ்நாட்டு வயல்களுக்கு வாயிற்காவல் செய்யும் இடம் அது. அந்த மதிப்போடுதான் இந்த மடலை எழுதுகிறேன். பொருள் ஒன்றே ஒன்று: வெளிநாட்டு வயல்களில் ஓடித் தேய்ந்து, கப்பலேறி நம் துறைமுகங்களுக்கு வரும் பழைய அறுவடை இயந்திரங்கள்.

அவற்றைத் தடுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். படப்பை, மணிமங்கலம், சோமங்கலம் பக்கம் மனைப்பிரிவுகளுக்கு நடுவே இன்னும் நெல் விளைகிறது. செங்கல்பட்டைத் தாண்டி மதுராந்தகம், உத்திரமேரூர் வரை சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டம் மாறி மாறி வயல் வேலை நடக்கிறது. கதிர் அறுக்க ஆள் இல்லை. தை மாதத்தில் எல்லா வயலும் ஒரே நேரத்தில் முற்றி நிற்கும்போது அறுவடை வண்டிக்காரர் வைத்ததுதான் வாடகை. ஈரம் காயாத வயலில் டயர் வண்டி புதையும். பெல்ட் வண்டிதான் இறங்கும். புதிய பெல்ட் வண்டியின் விலை இருபது லட்சத்தைத் தாண்டிவிட்டது. அரசு மானியம் புதிய இயந்திரத்துக்குத்தான் உண்டு. ஆக, கடன் வாங்கித் தொழிலில் இறங்கும் ஒருவர் பாதி விலைக்குக் கிடைக்கும் பழைய வண்டியைத் தேடுவதில் தவறு ஒன்றும் இல்லை. நாட்டின் வெளிநாட்டு வணிகக் கொள்கையும் அதற்கு வழி விட்டிருக்கிறது. பழைய கணினி, நகல் இயந்திரம், ஏ.சி., டீசல் ஜெனரேட்டர் போன்ற சிலவற்றுக்குக் கட்டுப்பாடு வைத்துவிட்டு, மற்றப் பழைய மூலதனப் பொருள்களைப் பெரும்பாலும் தடையின்றி இறக்குமதி செய்யலாம் என்கிறது.

வண்டி வந்தால் சுங்கத் துறை என்ன பார்க்கிறது? சார்ட்டர்டு இன்ஜினியர் சான்றிதழ் கேட்கிறது. எந்த ஆண்டு செய்தது, புதிதாக இருந்தபோது என்ன விலை, இப்போது எந்த நிலையில் இருக்கிறது, பழுது பார்த்தார்களா, இன்னும் எத்தனை ஆண்டு ஓடும் என்பவை அதில் இருக்கும். தேய்மானத்துக்குப் பழைய வாய்ப்பாடு ஒன்று உண்டு: முதல் ஆண்டில் காலாண்டுக்கு 4 சதவீதம், இரண்டாம் ஆண்டில் 3, மூன்றாம் ஆண்டில் இரண்டரை, அதன்பின் 2, மொத்தம் 70 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. காசுக்கணக்கில் இவ்வளவு நுணுக்கம் இருப்பது நல்லதே. குறைத்து மதிப்பிட்டு வரியை ஏய்ப்பவர்களைப் பிடிக்க அது வேண்டும். ஆனால் கதிரடிக்கும் உருளைக்குப் பின்னால் எந்த ஊர் மண் ஒட்டியிருக்கிறது என்பது இந்தச் சான்றிதழின் கேள்வி அல்ல. அது உங்கள் நிலையத்தின் கேள்வி.

அறுவடை வண்டியைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். வெட்டும் தலைப்பகுதியிலிருந்து கதிரை மேலே இழுக்கும் பாதை, அடிக்கும் உருளை, அதன் கீழே சல்லடைகள், தானியத்தைத் தொட்டிக்கு ஏற்றும் திருகுகள், ரேடியேட்டர் வலை, பெல்ட்டின் உட்பக்க உருளைகள் என்று தூசியும் தாளும் மணியும் ஒதுங்க நூறு மூலைகள் அதில் உண்டு. வெளியே பெயின்ட் அடித்துப் பளபளவென்று நிற்கும் வண்டிக்குள் பல பத்துக் கிலோ குப்பை தங்கியிருக்கலாம் என்று அமெரிக்க வேளாண் விரிவாக்கக் கையேடுகளே எச்சரிக்கின்றன. அதை முழுவதுமாக எடுக்க ஒரு மணி நேரம் போதாது. மூடிகளைக் கழற்றி, காற்றடித்து, நீர் பீய்ச்சி, ஒரு நாள்கூடப் பிடிக்கும்.

அந்தக் குப்பையில் என்ன இருக்கும்? நம் வயலுக்கு ஏற்ற பெல்ட் வண்டிகள் ஓடுவது தென்கிழக்கு ஆசியாவின் சேற்று வயல்களில். தட்பவெப்பம் நம்முடையது போன்றது, பயிரும் நெல்தான். வண்டி எந்த வயலிலிருந்து வந்தால் நமக்கு உதவுமோ, அதே வயலின் களையும் நம் மண்ணில் எளிதாக வேர்விடும். மலேசியாவின் சிலாங்கூரில் 1988-இல் பதிவான களைநெல்லை நீங்கள் அறிவீர்கள். நெல்லைப் போலவே முளைத்து, நெல்லைப் போலவே வளர்ந்து, அறுவடைக்கு முன்பே மணியை உதிர்த்துவிடும் களை அது. நாற்று நடுவதை விட்டு நேரடியாக விதைக்கும் வயல்களில் அது பெருகியது. அறுவடை இயந்திரங்கள் அதை வயலுக்கு வயல் கொண்டு போயின. அதை ஒழிக்க, களைக்கொல்லியைத் தாங்கும் நெல் ரகத்தை அங்கே 2010-இல் கொண்டுவந்தார்கள். சில ஆண்டுகளில் அந்தக் களைக்கொல்லிக்கே மசியாத களைநெல்லும் வந்துவிட்டது. நம் நாட்டிலும் களைநெல் இருக்கிறது. கேரள விவசாயிகள் அதோடு போராடுகிறார்கள். மருந்துக்கு மசியாத இன்னொரு வகையை வண்டியில் ஏற்றி வரவழைத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டுமா? ஆள் பற்றாக்குறையால் தமிழ்நாட்டிலும் நேரடி விதைப்பு கூடி வரும் நேரம் இது.

கரும்பிலும் இதே நிலைதான். படாளம் கூட்டுறவு ஆலைக்குக் கரும்பு போடும் விவசாயிகளும் வெட்டு ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள். கரும்பு வெட்டும் இயந்திரத்தின் கத்தி, ஒரு கட்டையின் சாற்றை அடுத்த கட்டையில் தடவிக்கொண்டே போகும். மறுதாம்புக் கரும்பைக் குட்டையாக்கும் நோயைப் பரப்பும் வழிகளில் அந்தக் கத்தியும் ஒன்று. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் கரும்புப் பகுதிகளை உயிர்ப் பாதுகாப்பு மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு மண்டலத்திலிருந்து அடுத்ததற்கு இயந்திரத்தைக் கொண்டு போகவே மண்ணும் சோகையும் இல்லாமல் சுத்தம் செய்திருக்க வேண்டும். நாட்டு எல்லையைக் கடப்பதற்கு அல்ல, ஒரே மாநிலத்துக்குள் நகர்வதற்கே இந்த ஏற்பாடு.

நம்மிடமிருந்து போகும் மண்ணையும் பிறர் இப்படித்தான் பார்க்கிறார்கள். 1931-இல் கர்னாலில் கண்டறியப்பட்ட கோதுமைக் கரிப்பூட்டை நோய், அந்த ஊரின் பெயரோடே உலகம் முழுதும் அறியப்படுகிறது. 1996 மார்ச்சில் அது அமெரிக்காவின் அரிசோனாவில் தென்பட்டதும், பாதித்த வயல்களில் ஓடிய அறுவடை இயந்திரங்களைச் சுத்தம் செய்யாமல் வெளியே விட மறுத்தார்கள். அந்த நோய் உள்ள நாடுகளிலிருந்து, இந்தியா உட்பட, பழைய பண்ணை இயந்திரம் போனால் அங்கே அதற்குத் தனி நிபந்தனை உண்டு. அதை நாம் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. அதே உரிமையை நம் வயலுக்காக நாமும் பயன்படுத்த வேண்டும் என்பதே என் கோரிக்கை.

மண்ணோடு வந்த ஒன்று எத்தனை காலம் தங்கும் என்பதற்குத் தமிழ்நாட்டில் நீலகிரியை விடப் பெரிய சாட்சி இல்லை. உதகையில் 1961-இல் உருளைக்கிழங்கு வேர்களில் முத்துக்கூட்டு நூற்புழுவைக் கண்டார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த விதைக்கிழங்கோடு அது வந்திருக்கும் என்பது பொதுவான கருத்து. பத்து ஆண்டுகளில், 1914-ஆம் ஆண்டின் அழிவுதரும் பூச்சிகள் சட்டத்தின் கீழ், நீலகிரி விதைக்கிழங்கு வெளியே போகத் தடை வந்தது. ஒரு கூட்டுக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள்; கிழங்கு நடாமலே விட்டாலும் மண்ணுக்குள் இருபது ஆண்டுக்கு மேல் உயிரோடு கிடக்கும். 2018-இல் அதே நூற்புழு இமாசலத்தின் குஃப்ரியில் வெளிப்பட்டபோது, நாட்டுக்கே விதைக்கிழங்கு தந்த மலைப்பகுதிகளுக்கும் தடை நீண்டது. மண்வெட்டியிலும் செருப்பிலும் ஒட்டிய மண்ணே அதைச் சுமக்கப் போதும். அறுவடை வண்டி சுமக்கும் மண் எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள்.

மண்ணை நாட்டுக்குள் கொண்டுவரத் தடை உண்டு. 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத் தடுப்பு ஆணை, அனுமதிச் சீட்டு இல்லாமல் மண்ணை உள்ளே விடாது. பொதிக்குள் வைக்கோலைத் திணித்து அனுப்பவும் விடாது. மரப்பெட்டி, மரக்கட்டைகளுக்கு நீங்கள் காட்டும் கண்டிப்பை இறக்குமதியாளர் எல்லோரும் அறிவார்கள்: கட்டையின் நடுப்பகுதி 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் இருந்திருக்க வேண்டும், அல்லது வேறு ஏற்ற முறையில் பூச்சி நீக்கியிருக்க வேண்டும், அதற்கான பன்னாட்டு முத்திரை இல்லாவிட்டால் பெட்டி நகராது. இயந்திரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டைக்கு இந்தச் சோதனை. அந்தக் கட்டையின் மேல் நிற்கும் இயந்திரத்தின் வயிற்றில் வைக்கோலும் மண்ணும் நெல்மணியும் இருந்தால், அவையும் இதே ஆணையின் கீழ்தான் வர வேண்டும். சரக்கின் பெயர் இயந்திரம் என்று எழுதியிருப்பதால் மண் இயந்திரம் ஆகிவிடாது.

இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கை அமைப்பு, பழைய வாகனங்களும் இயந்திரங்களும் எல்லை கடப்பதற்கென்றே 41-ஆம் தரநிலையை 2017-இல் ஏற்றுக்கொண்டது. இந்தியா அந்த உடன்படிக்கையில் இருக்கிறது. எங்கே குப்பை ஒளியும், காற்றாலும் நீராவியாலும் எப்படி நீக்குவது, கழுவும் இடத்தில் தரை எப்படி இருக்க வேண்டும், கழுவிய நீரை எங்கே தேக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கின்றன.

அந்தத் தரநிலையைப் பின்பற்றுவதைத் தாண்டி நான் கேட்பவை நான்கு. முதலாவதும் முக்கியமானதும் ஒரு தாள். பழைய பண்ணை இயந்திரம் வாங்கப் போகிறவர் கப்பலேற்றுவதற்கு முன்பே எதையெதைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்ல வேண்டும், என்னென்ன படம் எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும், இங்கே வந்ததும் எந்தெந்த மூடியைத் திறந்து பார்ப்பீர்கள் என்று தமிழில் ஒரே தாளில் எழுதி வெளியிடுங்கள். ஆத்தூர், மன்னார்குடி, விழுப்புரம் வண்டிக்காரர்களுக்கு ஆணையின் பிரிவு எண் வேண்டாம். எந்த போல்ட்டைக் கழற்ற வேண்டும் என்பதுதான் வேண்டும். சுத்தம் அங்கே நடப்பதுதான் எல்லோருக்கும் மலிவு. அந்த ஊர் மண் அந்த ஊரிலேயே விழும்.

இங்கே வந்த பிறகு அழுக்கு கண்டால் அடுத்த கேள்வி, எங்கே கழுவுவது? எண்ணூர், காட்டுப்பள்ளியில் இறங்கும் கனரக இயந்திரங்கள் மீஞ்சூரிலிருந்து வெளிவட்டச் சாலை வழியாக வண்டலூர் வந்து தெற்கே போகின்றன. வழிநெடுக வாட்டர் சர்வீஸ் கடைகள் இருக்கின்றன. ஒரு வண்டியை முடிச்சூர்ப் பக்கம் சாலையோரத்தில் கழுவினால் அந்த நீர் எங்கே போகும் என்பது 2015 வெள்ளத்தைப் பார்த்த எங்களுக்கு நன்றாகத் தெரியும். மணிமங்கலம், ஆதனூர் ஏரிகளிலிருந்து வரும் அடையாற்றின் தலைப்பகுதி இதுதான். ஆகாயத்தாமரை மூடிய ஏரிகளையும், பார்த்தீனியம் மண்டிய காலிமனைகளையும் வைத்துக்கொண்டு இன்னொரு வெளிநாட்டு விதையை இந்த நீர்வழியில் இறக்கிவிட முடியாது. ஆகவே துறைமுகத்தை ஒட்டியே, சிமென்ட் தளமும் வண்டல் தேக்கும் தொட்டியும் உள்ள ஒரு கழுவும் இடத்தைச் சுங்கத் துறையோடும் சரக்குப் பெட்டக நிலையங்களோடும் பேசி ஏற்பாடு செய்யுங்கள். தேங்கிய வண்டலை எரித்தோ வேறு வகையிலோ அழிக்கும் பொறுப்பும் அங்கேயே இருக்கட்டும்.

சோதனை கண்டிப்பாக இருக்கட்டும், காலவரையறையோடும் இருக்கட்டும். துறைமுகத்தில் ஒவ்வொரு நாளும் நிற்க வைத்தால் வாடகை ஏறும். பெரிய நிறுவனம் அதைத் தாங்கும். நகையை அடகு வைத்து வண்டி வாங்கியவர் தாங்க மாட்டார். தாங்காதவர் குறுக்கு வழி தேடுவார், அல்லது தேடித் தர யாராவது வருவார்கள். சரக்குப் பெட்டகம் திறந்ததிலிருந்து எத்தனை மணி நேரத்துக்குள் நிலையம் பதில் சொல்லும் என்று அந்த ஒற்றைத் தாளிலேயே எழுதுங்கள். ஆள் போதாது என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். உங்களுக்காக ஃபரீதாபாத்தில் உள்ள தலைமை இயக்குநரகத்திடம் கேட்க இங்கே விவசாயச் சங்கங்கள் இருக்கின்றன.

இன்னொன்று: உள்ளே வந்த வண்டியின் விவரம் மாநில வேளாண் பொறியியல் துறைக்குப் போக வேண்டும். எந்த நாட்டில் எந்தப் பயிரில் ஓடிய வண்டி, எந்த மாவட்டத்துக்குப் போகிறது என்று தெரிந்தால், முதல் இரண்டு பட்டங்களில் அது இறங்கிய வயல்களை வேளாண் உதவி அலுவலர் ஒரு நடை பார்த்துவிடலாம். களைநெல்லாக இருந்தாலும் வேறெதுவாக இருந்தாலும் ஒரு வயலில் இருக்கும்போதே பிடுங்கிவிடலாம். பரவிய பிறகு என்றால் கதை வேறு: மாவுப்பூச்சி மரவள்ளியைத் தாக்கியபோது ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து ஒட்டுண்ணியை வரவழைத்துத்தான் அடக்க வேண்டியிருந்தது. அதற்குள் சேலம், நாமக்கல் விவசாயிகள் இழந்தது இழந்ததுதான்.

சம்பா அறுவடை தையில் தொடங்கும். அதற்கு வண்டி வேண்டுபவர்கள் ஆடி, ஆவணியிலேயே வெளிநாட்டு விற்பனையாளர்களிடம் பேசத் தொடங்குவார்கள். ஐப்பசி வாக்கில் சரக்கு துறைமுகத்துக்கு வரும். அந்தத் தாள் ஆடிக்கு முன் வெளியானால் இந்த ஆண்டு வண்டிகளுக்கே பயன்படும். அச்சடித்துத் தந்தால் தாம்பரம், செங்கல்பட்டு, மதுராந்தகம் வட்டாரத்தில் வேளாண் விரிவாக்க மையங்களிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் அதைக் கொண்டுபோய் ஒட்டும் வேலையை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.


தாம்பரத்திலிருந்து