காடி கட்டரும் கட்டைவிரலும்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஏதாவது கதவு ஜன்னல் பட்டறையில போய், "காடி எடுக்கவும் நாக்கு வெட்டவும் மோல்டர் மெஷினுக்கு எந்த கட்டர் நல்லது?"னு கேட்டுப் பாருங்க. பேச்சு விலையிலதான் ஆரம்பிக்கும். என் கடுப்பே அதுதான். விலை பார்க்கிறவர் முதலாளி, விரலைக் கொடுக்கிறவர் வேலைக்காரர்.

பொட்டி தட்டுறவனுக்கு இதுல என்ன வேலைன்னு கேப்பீங்க. கணக்கு போடத் தெரியும், அது போதும். 160 மி.மீ. கட்டர் 6000 ஆர்பிஎம்ல சுத்தினா, பல்லோட வேகம் நொடிக்கு 50 மீட்டர். அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். ரெண்டு பல் இருந்தா நொடிக்கு 200 வெட்டு. "கை பழகிட்டா ஒண்ணும் ஆகாது"ங்கிற வசனம் இந்த வேகத்துல செல்லுமா?

அடுத்த வசனம், "ஆண்டாள் தேரையே செதுக்கின பரம்பரை சார்". மறுக்கவே இல்லை. ஆனா உளி நாம அடிச்சாத்தான் நகரும். மெஷின் நம்ம கை வழுக்கினாலும் நிக்காது.

சரி, எதைப் பார்த்து வாங்கணும்?

ஒண்ணு: கையால மரத்தைத் தள்ளுற மெஷினுக்கு ஐரோப்பிய ஈஎன் 847-1 தரத்துல 'எம்ஏஎன்'னு பொறிச்ச கட்டர் இருக்கு. அதுல பல், உடம்பை விட்டு 1.1 மி.மீ.க்கு மேல வெளியே நீட்டாது. மரம் திருப்பி உதைக்கிறது குறையும், கை பட்டாலும் காயத்தோட ஆழம் குறையும். பிரிட்டன்ல 2003 டிசம்பருக்குள்ள இந்த மாதிரி கட்டருக்கு மாறச் சொல்லிட்டாங்க. நாம இன்னும் சதுரக் கட்டையில பிளேடை போல்ட் போட்டு முறுக்கிக்கிட்டு இருக்கோம்.

ரெண்டு: கட்டர் மேல போட்டிருக்கிற உச்ச ஆர்பிஎம். வேகம் ரெண்டு மடங்கானா, பல்லைப் பிய்ச்சு எறியப் பார்க்கிற விசை நாலு மடங்கு. சின்ன கட்டருக்கு வச்ச வேகத்துலயே பெரிய நாக்கு கட்டரை ஓட்டுறது தற்கொலை.

மூணு: காடி மரத்தோட நாரோட போகும். நாக்கோட தோள்பட்டை நாரைக் குறுக்கே வெட்டும். அதனால நாக்குக்கு, நாரை முன்னாடியே கீறி விடுற சின்னப் பக்கப்பல் உள்ள கட்டர் வேணும்; பின்னாடி ஒரு துண்டுக்கட்டை முட்டும் கொடுக்கணும். ஒரே கட்டர்ல ரெண்டையும் முடிச்சா மரம் பிய்யும். பிய்யாம இருக்க ஆளு கையை இன்னும் கிட்ட கொண்டு போவாரு.

நாலு: தேக்குல சிலிக்கா இருக்கு. சாதா ஸ்டீல் பல் சீக்கிரம் மழுங்கிடும். மழுங்கினா அழுத்தித் தள்ளணும், அழுத்தினா வழுக்கும். கார்பைட் முனை விலை கூடத்தான். ஆனா ரொம்ப நாள் கூர் நிக்கும்.

சட்டம் பார்த்துக்கும்னு இருக்காதீங்க. 1948 தொழிற்சாலைச் சட்டத்துல மின்சாரம் ஓடுற இடத்துல 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை. 2025 நவம்பர்ல அமலுக்கு வந்த புதுத் தொகுப்புல அது 20 பேர். நாலு பேர் வேலை பார்க்கிற பட்டறை ரெண்டு கணக்குலயும் வராது.

வீடு கட்டுற மக்களே, நிலைக்கதவுக்குத் தேக்கா வேங்கையான்னு பத்து தடவை கேக்குறீங்க. கட்டர்ல 'எம்ஏஎன்' இருக்கான்னும் ஒரு தடவை கேளுங்க. பட்டறைக்காரர் முறைச்சா முறைக்கட்டும்.