அந்த மானுக்கு என்ன ஆச்சு?

பரீட்சித்து கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ராஜா வேட்டைக்குப் போகிறான். மௌன விரதத்தில் இருக்கும் சமீகர் என்ற முனிவரின் தோளில் செத்த பாம்பைத் தூக்கிப் போடுகிறான். முனிவரின் பிள்ளை சாபம் விட, ஏழாம் நாள் தட்சகன் கடித்து ராஜா சாகிறான். அதற்குப் பழிவாங்க ஜனமேஜயன் சர்ப்ப யாகம் செய்கிறான், அங்கேதான் பாரதமே சொல்லப்படுகிறது. இத்தனைக்கும் காரணம் என்ன என்று யாரைக் கேட்டாலும் பாம்பு என்பார்கள், கோபம் என்பார்கள், விதி என்பார்கள்.

ராஜா ஏன் முனிவரிடம் போனான்? அவன் எய்த அம்போடு ஒரு மான் ஓடிப்போனது. அதுவரை அவனிடம் அடிபட்ட மான் எதுவும் தப்பியதில்லை. பசியும் தாகமுமாகத் தேடி அலைந்தவன் கடைசியில் கேட்டது ஒன்றுதான்: நான் அடித்த மான் இந்தப் பக்கம் வந்ததா? பதில் வரவில்லை. உடனே பாம்பு வந்துவிட்டது, கதை அதன் பின்னால் போய்விட்டது. மான் எங்கே? எந்தப் புதரில் படுத்தது, எத்தனை நாள் கிடந்தது? வியாசரும் சொல்லவில்லை, நாமும் கேட்டதில்லை.

நம்ம அகத்திணை மரபு இன்னும் ஒரு படி மேல. தலைவன் தினைப்புனத்துக்கு வந்து நின்று, என் அம்பு பட்ட யானை இந்தப் பக்கம் வந்துச்சா, மான் வந்துச்சா என்று கேட்பான். கெடுதி வினாதல் என்று இதற்குப் பெயரே உண்டு. திருக்கோவையாரில் 'வேழம் வினாதல்' ஒரு துறை, 'கலைமான் வினாதல்' இன்னொரு துறை. அவனுக்கு யானையும் வேண்டாம், மானும் வேண்டாம், பேச்சுக் கொடுக்க ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான். தோழிக்கும் அது தெரியும், சிரிப்பாள். உரையாசிரியர்களும் அந்தச் சிரிப்பை விளக்கிச் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். கவிதையாக எனக்கும் பிடிக்கும், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் ரத்தம் ஒழுக ஓடும் ஒரு மிருகத்தை ரெண்டாயிரம் வருஷமாகக் காதலுக்கு ஓபனிங் டயலாக் ஆக்கி வைத்திருக்கிறோமே, ஒரு தடவைகூட உறுத்தியதில்லையா?

நவீன வேட்டைக் கதைகள் மட்டும் ஒழுங்கா என்றால் அதுவும் இல்லை. துப்பாக்கி வெடிக்கும், மான் சரியும், அதன் கண்ணில் வேட்டைக்காரன் தன்னைப் பார்ப்பான், கதை முடிந்துவிடும். இப்படி எழுதுகிறவர்களில் பாதிப் பேர் தடம் என்ற ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்று பந்தயம் கட்டுவேன். நெஞ்சில் தோட்டா வாங்கிய மான்கூடப் பெரும்பாலும் நின்ற இடத்தில் விழாது. இதயமே கிழிந்தாலும் நூறு மீட்டர் ஓடும். வேட்டைக்காரனின் வேலை அந்த நூறு மீட்டரில்தான் தொடங்குகிறது.

அந்த வேலை என்ன என்று கொஞ்சம் பார்க்கலாம். சுட்டதும் ஓடக்கூடாது, அசையாமல் நிற்க வேண்டும். மான் நின்ற இடம், கடைசியாகக் கண்ணில் பட்ட மரம், இரண்டையும் மனதில் குறித்துக்கொள்ள வேண்டும். அடி வாங்கியபோது துள்ளியதா, முதுகைக் கூனிக்கொண்டு போனதா? கூனிக்கொண்டு போனால் அடி வயிற்றில். பிறகு மெதுவாக அந்த இடத்துக்குப் போய்க் குனிந்து பார்க்க வேண்டும். வெளிர்சிவப்பாக, நுரைத்து, குமிழ் குமிழாக ரத்தம் இருந்தால் நுரையீரல், மான் பக்கத்திலேயே கிடக்கும். கறுஞ்சிவப்பு என்றால் ஈரல், சில மணி நேரம் காத்திருக்கணும். பச்சையாக, நாற்றத்தோடு, அரைத்த இலை மாதிரி ஏதாவது கலந்திருந்தால் குடல். அது வேட்டைக்காரனுக்கு வரவே கூடாத நிறம். எட்டு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் ராத்திரி முழுக்க அதை விட்டுவிட்டுத் தள்ளி உட்கார வேண்டும்.

ஏன்? தொந்தரவு இல்லையென்றால் அது ஒரு மறைவான இடம் பார்த்துப் படுத்துக்கொள்ளும். நீங்கள் பதறிப்போய்ப் பின்னாலேயே போனால் எழுந்து ஓடும். வயிற்றுக் காயத்தில் ரத்தம் வெளியே அதிகம் சிந்தாது, தடம் அறுந்துவிடும். அப்புறம் அந்த மான் உங்களுக்கும் இல்லை, சீக்கிரச் சாவும் அதற்கு இல்லை. அதாவது இங்கே இரக்கம் என்பது காத்திருப்பது. தன்னால் ஒரு உயிர் வலியில் கிடக்கிறது என்று தெரிந்தும் இருட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. கதைக்கு இதைவிட நல்ல இடம் எது? யாரும் எழுதுவதில்லை. விடிந்த பிறகு தடத்தின் மேல் மிதிக்காமல் ஓரமாக நடக்க வேண்டும், ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு அடையாளம் கட்ட வேண்டும். சொட்டு நின்றுபோனால் திரும்பிப் பார்த்தால் கட்டிய அடையாளங்கள் போன திசையைச் சொல்லும். புல்லின் எந்த உயரத்தில் ரத்தம் பூசியிருக்கிறது என்பதே காயம் உடம்பில் எங்கே என்று காட்டிவிடும்.

ஜெர்மனியில் இது சட்டம். காயம்பட்ட மிருகத்தின் வேதனையை உடனே முடித்து வைப்பது அங்கே வேட்டைக்காரனின் சட்டப்படியான கடமை. இப்படித் தேடிப் போவதற்கு 'நாக்சூக' என்று தனிப் பெயர், அதற்கென்றே ஹனோவர் ஷ்வைஸ்ஹுண்ட் என்று ஒரு நாய் இனம். நீளமான வாரில் கட்டிக்கொண்டு பல மணி நேரம் பழகிய பழைய தடத்தையும் எடுத்துவிடும். காட்டு மிருகத்தின் ரத்தத்தை அந்த வேட்டைக்காரர்கள் ரத்தம் என்றே சொல்வதில்லை. 'ஷ்வைஸ்' என்கிறார்கள், அந்தச் சொல்லுக்கு வியர்வை என்று அர்த்தம். இது மரியாதையா, கூச்சமா, எனக்குப் புரியவில்லை. இரண்டும் இருக்கலாம்.

"வேட்டையே தப்பு, இதுல என்ன எதிக்ஸ் வேண்டிக்கிடக்கு?" என்று கேட்பீர்கள். கேளுங்கள். இங்கே சட்டமும் உங்கள் பக்கம்தான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கொல்வது மட்டும் வேட்டை இல்லை, காயப்படுத்துவதும் முயற்சி செய்வதும் வேட்டைதான். அதை மாற்றச் சொல்லி நான் வாதாடவில்லை, துப்பாக்கி தூக்கும் ஆசையும் எனக்கு இல்லை. எனக்குக் கோபம் வருவது நம்முடைய சுத்தத்தைப் பார்த்துத்தான். சுடவில்லை, அதனால் நம்மால் எதுவும் காயப்படவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். தோட்டத்து வேலியில் சுருக்குக் கம்பி, பன்றிக்கு வைத்த அவுட்டுக்காயில் வாய் சிதறி ஓடும் யானை, காட்டைக் கிழித்துப் போகும் ரோட்டில் நம்ம கார். இதில் எதற்குப் பின்னால் யார் போகிறார்கள்?

பின்னால் போகாவிட்டால் என்ன ஆகும் என்று ஜிம் கார்பெட் எழுதியிருக்கிறார். 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட சம்பாவத் புலியை 1907-இல் அவர் சுட்டார். அதன் வலப்பக்கத்துக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன, மேல்பல் பாதிவரை, கீழ்பல் எலும்புவரை. பழைய துப்பாக்கிக் காயம். எவனோ ஒருவன் சுட்டான், அது ஓடிப்போச்சு, அவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினான். அவன் பெயர் யாருக்கும் தெரியாது. மான் ஆளைத் தின்னாது. அதனால் அதன் கணக்கு எந்தப் புத்தகத்திலும் ஏறாது, வித்தியாசம் அவ்வளவுதான்.

இவ்வளவு சத்தம் போடுகிறவன் யோக்கியனா என்று கேட்பீர்கள் இல்லையா, சொல்லிவிடுகிறேன். சில வருஷம் முன்னால் முதுமலை வழியாக நாலு பேர் காரில் வந்துகொண்டிருந்தோம். இருட்டத் தொடங்கியிருந்தது. ஓட்டியது நான் இல்லை, ஆனால் வேகமாப் போ, கேட் மூடிடுவாங்க என்று சொன்னது நான். இடது பக்கத்திலிருந்து ஒரு புள்ளிமான் குறுக்கே வந்தது. சத்தம் பெரிதாக இல்லை, பை நிறைய துணி விழுந்த மாதிரி இருந்தது. வண்டி நின்றது. அது எழுந்தது, பின்னங்கால் ஒன்றைத் தரையில் ஊன்றாமல் மூன்று காலில் புதருக்குள் போனது. "எழுந்து போயிடுச்சுடா, ஒண்ணும் ஆகல," என்றான் ஒருத்தன். எல்லோரும் ஆமாம் என்றோம், நான்தான் முதலில் சொன்னேன். காட்டுக்குள் இறங்கக்கூடாது என்ற விதி அப்போது ரொம்ப வசதியாக ஞாபகம் வந்தது. பம்பரில் கீறல் இருக்கிறதா என்று மட்டும் இறங்கிப் பார்த்தோம். கொஞ்சம் முடி ஒட்டியிருந்தது. ரத்தம் என்ன நிறம் என்று டார்ச் அடித்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அன்றைக்கு எனக்குப் படிக்கத் தெரிந்திருக்காது.

பத்து நிமிஷத்தில் செக்போஸ்ட் வந்தது. கார்டு வண்டி நம்பரை எழுதிக்கொண்டே, "வழியில ஏதாச்சும் பாத்தீங்களா?" என்றார். நல்ல மனுஷன், யானை ஏதாவது தெரிந்ததா என்று ஆர்வமாகத்தான் கேட்டார்.

"மான் பாத்தோம் சார்," என்றேன்.