நாளிதழும் நம் பிள்ளைகளின் ஆங்கிலமும்

"தமிழ்ப்பள்ளியில் படித்தால் ஆங்கிலம் வருமா, டீச்சர்?" முதலாம் ஆண்டுப் பதிவின்போது பெற்றோர் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. என் வகுப்பறை தந்த விடையை இங்கே எழுதுகிறேன்.

ஆங்கிலப் பாடத்தில் நாளிதழைப் பயன்படுத்துவது புதிதன்று. ஆயினும் பல வேளைகளில் அது பயனளிப்பதில்லை. முதற்பக்கச் செய்தியை அப்படியே நான்காம் ஆண்டு மாணவரிடம் நீட்டிவிடுகிறோம். செய்தியும் புதிது, சொற்களும் புதியவை. இரு சுமைகளை ஒருசேர ஏற்றினால் பிள்ளை தாளை மடித்து வைத்துவிடுகிறது.

எனவே, ஒரு சுமையை முதலில் இறக்கி வைக்கிறேன். வெள்ளம், பூப்பந்து ஆட்டம் போன்ற ஒரு செய்தியை முதலில் தமிழ் நாளிதழில் படிக்கின்றனர். யார், எங்கே, எப்போது, என்ன, ஏன் என்பவற்றுக்கு விடை குறிக்கின்றனர். அதன்பின் அதே நிகழ்வைக் கூறும் ஆங்கிலச் செய்தியைக் கொடுக்கிறேன். நடந்தது தெரிந்திருப்பதால், தெரியாத சொல்லின் பொருளை அவர்களே ஊகித்துவிடுகின்றனர்.

ஒருமுறை ஒரு மாணவி, "ஆட்டம் நேற்றே முடிந்துவிட்டதே டீச்சர், ஆங்கிலத்தில் மட்டும் ஏன் 'வெல்கிறார்' என்று போட்டிருக்கிறார்கள்?" என்று கேட்டாள். தமிழ்த் தலைப்பில் 'வென்றார்' என்றிருந்தது. முடிந்த நிகழ்வையும் நிகழ்காலத்தில் சொல்வது ஆங்கிலத் தலைப்புகளின் மரபு. இரு தாள்களையும் அருகருகே வைத்ததால் பிறந்த கேள்வி அது. பயிற்சி நூலில் கோடிட்ட இடங்களை நிரப்பியிருந்தால் பிறந்திருக்குமா?

தமிழைக் கலந்தால் ஆங்கிலம் கெடும் என்பார் உளர். பாடவேளை முழுவதும் தமிழில் பேசுமாறு நான் கூறவில்லை. முதல் பத்து நிமிடம் தமிழ்; பிறகு பேச்சும் எழுத்தும் ஆங்கிலத்திலேயே. ஏறிச் செல்லப் படிக்கட்டு வேண்டும். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டுவிட்டது; தேர்வுக்கு நேரமில்லை என்ற காரணமும் இனி நமக்கில்லை.

செலவும் பெரிதன்று. குழுவுக்கு இரண்டு தாள்கள் போதும்; பழையவையாயினும் குற்றமில்லை.

பெற்றோர்களே, உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிடினும் கவலை வேண்டா. ஆங்கில நாளிதழிலுள்ள ஒரு படத்தையும் அதன் கீழுள்ள வரியையும் காட்டி, "இதில் என்ன போட்டிருக்கிறது? எனக்குத் தமிழில் சொல்" என்று கேளுங்கள். பிள்ளை உங்களுக்கே ஆசிரியராகும். தாய்மொழி ஆங்கிலத்திற்குத் தடையன்று என்பதை அன்று நீங்களே காண்பீர்கள்.

சிந்திப்போம், செயற்படுவோம்.