கணப்படுப்பு வாங்கப் போகிறீர்களா?

அடுப்பு என்றதும் நமக்குச் சமையலறைதான் ஞாபகம் வரும். நார்வே நாட்டிலோ விறகடுப்பு கூடத்தில் வீற்றிருக்கிறது. சோறும் குழம்பும் மின்சார அடுப்பில் தயாராகிவிடும். கூடத்து அடுப்பின் வேலை வீட்டாரைக் குளிரிலிருந்து காப்பது. கணப்படுப்பு என்று அதற்கு நாம் பெயர் வைத்துக்கொள்ளலாம்.

நம் பத்திரிகையில் நார்வே அடுப்பு எதற்கு என்கிறீர்களா? அங்கே இன்று ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. பெரும்பாலோர் இலங்கையிலிருந்து போனவர்கள். வடகோடியில் மீன் பதனிடும் ஊர்களில் வேலைக்குச் சேர்ந்தவர்களும் உண்டு. அந்த ஊர்களில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் தலையே காட்டுவதில்லை! வீடுகளைச் சூடாக்குவது பெரும்பாலும் மின்சாரம்தான். ஆனால் பனிப்புயலில் கம்பி அறுந்துபோனால்? அன்றைக்குக் கைகொடுப்பது விறகு. ஆகவே அங்கே குடித்தனம் வைத்திருக்கும் மகளோ தங்கையோ யோசனை கேட்டால் சொல்வதற்குச் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டாமா?

கடைக்குள் நுழைந்ததும், "குளிர் பிரமாதமாயிற்றே, இருப்பதிலேயே பெரிதாக எடுத்துவிடலாம்" என்று தோன்றும். அந்த ஆசையைத்தான் முதலில் அடக்க வேண்டும். 8 கிலோவாட் அடுப்பு என்றால், 2 கிலோவாட் மின்சார ஹீட்டர்கள் நான்கை ஒரே அறையில் போட்டதற்குச் சமானம். அரைமணி நேரத்தில் வேர்த்துக் கொட்டும். உடனே வீட்டுக்காரி என்ன செய்வாள்? காற்று வழியைக் குறைப்பாள். விறகு மூச்சுத் திணறிப் புகையும். அந்தப் புகை குளிர்ந்த புகைபோக்கியின் உட்புறத்தில் தாராகப் படியும். என்றைக்காவது ஒரு நாள் அந்தத் தாரே தீப்பிடித்து எரியும். சின்ன அடுப்பு சுடர்விட்டு எரிந்தால் இந்த அபாயம் குறைவு. ஆகவே அறையின் அளவையும் சுவரின் கட்டுமானத்தையும் கடைக்காரரிடம் சொல்லி, அதற்குத் தக்கதாய் வாங்குவதே புத்திசாலித்தனம்.

அடுத்தது, எதனால் செய்தது என்பது. வாணலிக்கும் கல்சட்டிக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரும்பு சீக்கிரம் காயும், சீக்கிரம் ஆறும். மாக்கல் மெள்ளச் சூடேறும். ஆனால் இறக்கி வைத்த பிறகும் கல்சட்டியில் வற்றல்குழம்பு கொதித்துக்கொண்டே இருக்கும் அல்லவா? நார்வேயிலும் மாக்கல் பதித்த கணப்படுப்பு விற்கிறார்கள். மாலையில் வீடு திரும்பியதும் சூடு வேண்டுமென்றால் இரும்பு நல்லது. இரவெல்லாம் வெதுவெதுப்பு வேண்டுமென்றால் மாக்கல்.

பழைய அடுப்பு மலிவாகக் கிடைக்கிறதே என்று மயங்க வேண்டாம். 1998 முதல் அந்நாட்டில் புகையைக் குறைக்கும் புதுமாதிரி அடுப்புகளைத்தான் புதிதாக விற்கலாம். இவற்றில் சூடேறிய காற்று மேற்புறமும் புகுந்து, வீணாய்ப் போகும் புகையையும் எரித்துவிடுகிறது. விறகும் மிச்சம், அண்டை வீட்டுக் குழந்தையின் மூச்சுக்கும் நல்லது.

இன்னொரு சூட்சுமம். புதிய வீடுகளைக் காற்றுப் புகாமல் கட்டுகிறார்கள். சமையலறையில் புகை இழுக்கும் விசிறியைப் போட்டால், கணப்படுப்பின் புகை கூடத்துக்குள் திரும்பிவிடக்கூடும். வெளிக்காற்றைத் தனிக் குழாய் வழியே எடுத்துக்கொள்ளும் அடுப்பானால் இந்தத் தொல்லை குறையும்.

எத்தனை நல்ல அடுப்பானாலும் ஈர விறகு அதைக் கெடுத்துவிடும். பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். அது 20 சதவிகிதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். நன்றாக உலர்ந்த ஒரு கிலோ விறகில் சுமார் 4 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் உண்டு. விறகு அடுக்குவதில் நார்வேக்காரர்களுக்குள்ள அக்கறை வேடிக்கையானது. 2013 பிப்ரவரியில் அவர்கள் டெலிவிஷனில் 12 மணி நேரம் விறகைப் பற்றியே ஒரு நிகழ்ச்சி நடந்தது. மரப்பட்டையை மேலே பார்க்க அடுக்கியது தப்பு என்று ஒரு சாராரும், கீழே பார்க்க அடுக்கியது தப்பு என்று மறு சாராரும் புகார் செய்தார்களாம்!

சிக்கனம் பார்க்கக் கூடாத இடமும் ஒன்று உண்டு. தணல் அணையுமுன் காற்று வழியை அடைத்தாலோ, புகைபோக்கி அடைபட்டிருந்தாலோ, கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு அறையில் சேரலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குகிறவர்கள் உறங்கியபடியே போய்விடுவார்கள். ஆகவே அடுப்பைத் தேர்ந்தவரைக் கொண்டு பொருத்துங்கள். புகைபோக்கியைத் தவறாமல் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அந்த வாயுவைக் கண்டு அலறும் கருவி ஒன்றையும் அடுப்போடு சேர்த்தே வாங்கச் சொல்லுங்கள். சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில்தான் கொட்ட வேண்டும். உள்ளே கங்கு மறைந்திருக்கும்.

அடுப்பு வாங்கும் நாளிலேயே அடுத்த வருஷத்து விறகையும் வாங்கி, காற்றோட்டமாக அடுக்கி வைத்துவிடுவது நல்லது. பனி கொட்டத் தொடங்கிய பிறகு உலர்ந்த விறகுக்கு அலைவது, தீபாவளி விடியற்காலையில் எண்ணெய்க்கு அலைவது போலத்தான்!